சட்டியில் ஒட்டிய கீரை

என் குருதி உறைய இருபத்தைந்து நொடி ஆக வேண்டும் என்று வேலூர் மருத்துவர் என் கணவரிடம் சொன்னார். குருதி என்னுடையது. மார்புக்குள் வைத்துத் தைத்திருந்த உலோகத் தடுக்கிதழ் என்னுடையது. மேசைக்கு இப்பால், அவருக்கு நேரெதிரே அமர்ந்திருந்தவளும் நான்தான். சொல் மட்டும் என்னைக் கடந்து பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. அதன் பின் மூன்றாண்டுகள் அந்த அறையில் நடந்தவை யாவும் இந்த ஒரு செய்தியின் விளைவுகளே. இன்று நினைத்தாலும் எனக்குச் சினம் தணிவதில்லை. தணிய வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் என் இதயத்தில் வால்வு எனப்படும் தடுக்கிதழ் ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. எழுபதுகளின் கடைசியில் சென்னையில் மார்பைப் பிளந்து அதனை நீக்கி, உலோகத்தால் ஆன ஒன்றைப் பொருத்தினார்கள். அமைதியான இடத்தில் அது தட்டும் ஓசை அருகில் நிற்பவர்க்கும் கேட்கும். உலோகத்தின்மேல் குருதி கட்டிக்கொள்ளும். கட்டியது பெயர்ந்தால் மூளைக்குப் போகும். அதைத் தடுக்க நாள்தோறும் மாலையில் ஒரு மாத்திரை. அளவு கூடினால் குருதி நில்லாமல் ஒழுகும், குறைந்தால் உறையும். ஒரு புறம் கிணறு, மறு புறம் சேறு என்றிருக்கும் வரப்பின்மேல் வாழ்நாள் முழுவதும் நடப்பதைப் போன்றது அது. அந்த வரப்புக்குப் பெயர்தான் இருபத்தைந்து நொடி. மாதம் ஒருமுறை திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக இரண்டரை மணி நேரம் பேருந்தில் போய், குருதி கொடுத்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்த்து, மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ எழுதி வாங்கி வர வேண்டும்.

கீரையில் உள்ள ஒரு சத்து குருதியை உறையச் செய்வது. ஆதலால் மாத்திரைக்கு அது நேர்ப் பகை. முதல் நாளே மருத்துவர் அதைப் பற்றிக் கேட்டார். என் கணவரிடம்தான்.

"வீட்ல கீரை ஜாஸ்தி சாப்பிடுவாங்களா சார்?"

"அவ்ளோ ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வாரத்துல மூணு நாலு நாள். அதுவும் ஒரு கரண்டி."

"கம்மி பண்ணிடுங்க. வேற பயப்பட ஒண்ணுமில்ல."

அந்த ஒரு கரண்டி என் கணவரின் தட்டில் விழும் கரண்டி. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மணமாகி ஏழாண்டு ஆகியும் என் தட்டை அவர் கண்டதில்லை, அவ்வளவுதான். அவரும் அவருடைய தம்பிமார் இருவரும் உண்டு எழுந்து, என் மாமியாரும் உண்டு முடித்த பின்னர், அடுக்களையில் தனியே அமர்ந்து உண்பவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆணையைத் தலைமேற்கொண்டார். என் உடல்நிலையில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். "இனிமே கீரைக் கரண்டிய உன் தட்டுப் பக்கம் காட்டாதம்மா," என்றார். நானும் காட்டவில்லை.

முதல் சில மாதங்கள் கணக்காகவே போயின. இருபத்து நான்கு, இருபத்தாறு, இருபத்தைந்து. பிறகு மே மாதக் கடைசியில் பதினைந்தாக இறங்கியது. மருத்துவர் ஒரு மாத்திரையை ஒன்றரை ஆக்கினார். சூலையில் பார்த்தால் நாற்பத்தொன்று. குறைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கு வந்தது. மறு ஆண்டு மே மாதம் மீண்டும் பதினைந்து; மீண்டும் கூட்டினார்; மீண்டும் சூலையில் நாற்பதைத் தாண்டியது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். பள்ளி மூடுவதும் திறப்பதும் எந்த மாதம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் இந்த எண்களுக்கும் அந்த மாதங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று மருத்துவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

நாற்பது நொடி என்பதைக் காகிதத்தில் படிப்பது வேறு. இரண்டாம் ஆண்டு சூலையில் மாதவிலக்கு வந்து ஒன்பது நாள் நிற்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்றால் கண் இருண்டது. இரு முறை, புடவையை மாற்றிக்கொள்ள உடன் வேலை செய்த ஆசிரியை ஒருவர் தம் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். இதை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று கணவரிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன். அனுப்பினேன் என்று எழுதுகிறேன். நானும் உடன்தான் போனேன். மருத்துவர், "வேற ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டபோது, என் கணவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் அசதியா இருக்காங்க டாக்டர்," என்றார்.

அசதி! அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கித் தரையில் அறைய வேண்டும் போல் இருந்தது. நான் வாய் திறந்தேன். மருத்துவர் அதற்குள் சீட்டில் சத்து மாத்திரை எழுதத் தொடங்கிவிட்டார். வெளியே காத்திருந்தவர்களுள் அடுத்தவரை அழைக்க மணியும் அடித்துவிட்டார்.

எண் ஏறி இறங்குவதற்குத் மருத்துவர் தம் அளவில் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"மாத்திரைய ஒழுங்கா போடறாங்களா சார்? படிச்சவங்கதான் இதுல ரொம்ப மோசம். நல்லா இருக்குன்னு நாலு நாள் விட்டுடுவாங்க."

"இனிமே நானே என் கையால குடுத்துடறேங்க."

அன்று முதல் மாலை ஆறு மணிக்கு என் கணவர் ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக என்முன் நிற்பார். நான் விழுங்கிய பின் போக மாட்டார். "நாக்கத் தூக்கு," என்பார். பகலெல்லாம் நாற்பது பெண்களுக்கு முன் நின்று பாடம் சொன்ன நான், மாலையில் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். கொழுந்தனார் இருவரும் அதைப் பார்த்தும் பாராதது போல் செய்தித்தாளைப் புரட்டுவார்கள். இளையவர் ஒருநாள், "அண்ணி, வாத்தியாருக்கே பரிச்சையா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு சூனில் பள்ளி திறந்த முதல் நாள். ஒன்பதாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டைத் திறந்து முதற்பெயரைப் படிக்க வாயெடுத்தேன். பெயர் கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்துகள் தனித்தனியே தெரிந்தன. நாவுக்கு மட்டும் அது வரவில்லை. வேறு ஏதோ ஓசை வந்தது. பெண்கள் முதலில் சிரித்தார்கள். வலக்கையிலிருந்து எழுதுகோல் நழுவி மேசையில் உருண்டது. அதைப் பிடிக்கக் கையை அனுப்பினேன், கை போகவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள். அதன் பின் இருபது நிமிடம், என் தலைக்குள் எல்லாச் சொற்களும் ஒழுங்காக நின்றுகொண்டிருக்க, ஒன்றையும் வெளியே கொண்டுவர இயலாமல் நாற்காலியில் கிடந்தேன். தலைமையாசிரியர் குனிந்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு அது தானே திரும்பியது. நான் முதலில் சொன்ன சொல் "தண்ணி."

வேலூரில் பார்த்தபோது பதினான்கு நொடி.

"வால்வுலேர்ந்து சின்னதா ஒரு கட்டி போயிருக்கு. இந்தத் தடவ கரைஞ்சிடுச்சு," என்றார் மருத்துவர், என் கணவரிடம். "அடுத்த தடவ இப்படித் திரும்பும்னு சொல்ல முடியாது சார். பேச்சு மொத்தமா போயிடலாம். ஆளே போயிடலாம்."

சாவை நான் முன்பே ஒருமுறை எண்ணிப் பார்த்து வைத்திருந்தேன். சென்னையில் மேசைமேல் படுத்தபோது. பேச்சு போய் உயிர் மட்டும் இருப்பதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பேசி வாழ்பவள் நான். வீட்டில் வாய் மூடியிருந்தாலும் பள்ளியில் எனக்கொரு குரல் இருந்தது. அதுவும் போனால் அடுக்களையில் தட்டோடு தட்டாக நானும் ஒரு கலம்; அவ்வளவுதான்.

மாத்திரையை இரண்டாக்கினார். ஒரு மாதம் விடுப்பில் வீட்டில் இருக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் போனால், இரண்டு மாத்திரைக்குப் பின்னும் எண் பதினாறைத் தாண்டவில்லை. சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பாராமலேயே கேட்டார்:

"முழுங்கிட்டு அப்புறம் போய்த் துப்பிடறாங்களோ?"

திரும்பி வரும் பேருந்தில், கண்ணமங்கலம் தாண்டிய பின் என் கணவர் தணிந்த குரலில் கேட்டார்: "நெஜமா முழுங்கறியா இல்லியா? எங்கிட்டயாவது சொல்லிடு."

"உங்க கண்ணு முன்னாடிதானே முழுங்கறேன்? நாக்கத் தூக்கிப் பாக்கறீங்களே, வயித்தையும் கிழிச்சுப் பாக்கணுமா?"

முன் இருக்கைக்காரர் திரும்பினார். கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் நண்பகல். எல்லோரும் உண்டு முடித்தாயிற்று. நான் அடுக்களையில் அமர்ந்து, கீரை கடைந்த மண்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். மாமியார் வாயிற்படியில் நின்று வெற்றிலை மடித்தபடியே பாராட்டாகத்தான் சொன்னார்:

"நீ வூட்ல இருந்தா ஒரு பருக்க வீணாவறதில்லம்மா. ஸ்கூலுக்குப் போயிட்டீன்னா பாரு, சட்டியோட எல்லாம் பால்காரன் மாட்டுக்குத்தான் போவுது."

கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கீரையை இரவில் உண்ணலாகாது என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி, எந்த வீட்டிலும்தான். ஆகவே பகலில் ஆக்கிய கீரை பகலிலேயே தீர வேண்டும். மாமியாருக்கு அளந்து ஆக்கும் கை இல்லை. கோடையில் கீரை குளிர்ச்சி என்று, அடி அண்ணாமலையிலிருந்து கூடை சுமந்து வரும் பெண்ணிடம் நாள் தவறாமல் இரண்டு மூன்று கட்டு வாங்குவார். ஆளுக்கொரு கரண்டி போக எஞ்சியது சட்டியில் இருக்கும். கடைசியாக உண்பவள் அதில் சோற்றைப் போட்டு வழித்து உண்டு சட்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பள்ளி நாள்களில் நான் காலை எட்டரைக்கே தயிர்ச்சோற்றுத் தூக்கோடு போய்விடுவேன். ஞாயிறு மீனோ கறியோ. விடுமுறையில்தான் சட்டி முழுமையாக என் கைக்கு வரும்.

அதை நான் கீரை உண்பதாகக் கருதியதே இல்லை. உண்பது என்றால் கரண்டியால் எடுத்துத் தட்டில் இடுவது. சட்டியில் இருப்பது மிச்சம். அதை வழிப்பது பாத்திரம் துலக்கும் வேலையின் முதற்பகுதி. மருத்துவர் என் கணவரைக் கேட்காமல் என்னையே கேட்டிருந்தாலும், "நான் கீரையைத் தொடுவதில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன், உண்மை என்றே நம்பிச் சொல்லியிருப்பேன். மற்றவர்மேல் எவ்வளவு சினம் கொண்டாலும் இந்த ஓரிடத்துக்கு வரும்போது அது திரும்பி என்னையே கடிக்கிறது. சொல்லுக்குப் பொருள் கூறிப் பிழைத்தவள், என் வாயில் போவதற்குப் பெயர் வைக்கத் தவறினேன்.

மறுநாள் சோற்றைப் போடுமுன் சட்டியைக் கரண்டியால் வழித்துத் தட்டில் எடுத்தேன். நான்கு கரண்டி. கீரையே ஆகாதவள் நான். அந்த வீட்டில் மிகுதியாகக் கீரை உண்டவளும் நான்.

மாமியார் பார்த்துவிட்டார். "இன்னாம்மா அளந்துக்கினு கீற?"

"கீரைய அளக்கறேன் அத்தை. இதாலதான் எனக்கு ரத்தம் கட்டுது."

"நானா குடுத்தேன் உனக்குக் கீரைய? டாக்டரு சொன்ன நாள்லேர்ந்து ஒரு கரண்டி போட்டிருப்பனா? சாமி மேல ஆணையா சொல்லு. நான் சட்டியத்தானே குடுத்தேன்!"

"சட்டியிலதான் கீரை இருக்குது அத்தை."

"அப்ப நான் இன்னா, வெஷத்த வெச்சுக் குடுத்தனா?" என்று குரலை உயர்த்தினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. அவரும் தம் மாமியார் இருந்தவரை சட்டி வழித்தவர்தான். அதனாலேயே அது அவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இது எனக்குப் புரிந்த பின்னும் சினமே வந்தது.

அன்று மாலை மீண்டும் வேலூர் போக வேண்டும் என்றேன். கணவர், "முந்தாநாள்தானே போயிட்டு வந்தோம்? இனிமே சட்டிய வழிக்காத. முடிஞ்சுது," என்றார்.

"முடியாதுங்க. ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டு கீரைய டக்னு நிறுத்தினா அந்தப் பக்கம் ஏறும். போன வருசம் ஒம்போது நாள் எப்படிக் கெடந்தேன்னு தெரியுமா? அசதின்னு சொன்னீங்களே, அந்த அசதி."

மறுநாள் போனோம்.

அறைக்குள் நுழைந்ததும், மருத்துவர் வழக்கம் போல் என் கணவர் பக்கம் திரும்பியபோது, நான் தொடங்கிவிட்டேன். சட்டி, சோறு, விடுமுறை, நான்கு கரண்டி, ஒன்பது நாள் போக்கு, யாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். அவர் முதலில் புன்னகைத்தார்.

"சட்டியில ஒட்டிட்டு இருக்கறதா? அது ஒரு கீரையாம்மா?"

"நாலு கரண்டிங்க. அளந்தேன். பழைய சீட்ட எடுத்துப் பாருங்க. கொறஞ்சதெல்லாம் ஸ்கூல் லீவுல. ஏறினதெல்லாம் ஸ்கூல் தொறந்தப்புறம்."

சீட்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தார். புன்னகை போயிற்று. ஆனால் அவர் அடுத்துக் கேட்டது இது:

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கலியே."

"கேட்டேனே! மொத நாளே கேட்டேன். சார், கேட்டேன் இல்ல?"

என் கணவர் தலையசைத்தார். கேட்டதற்கு அவர் சான்று!

"சரி, கீரையே வேணாம். அடியோட விட்டுடுங்க," என்றார் மருத்துவர்.

"விட முடியாதுங்க. எங்க வீட்ல நாள் தவறாம ஆக்கறாங்க. இன்னிக்கு விடுவேன்; நாளைக்கு யாரும் பாக்காதப்ப சட்டி மறுபடி எங்கிட்டதான் வரும். தெனம் ஒரே ஒரு கரண்டி, தட்டுல போட்டுச் சாப்பிடறேன். பள்ளிக்கூடம் இருந்தாலும் இல்லேன்னாலும் அதே ஒரு கரண்டி. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரைய நீங்க வைக்க முடியுமா, முடியாதா?"

சீட்டுகளை மீண்டும் ஒருமுறை புரட்டினார். கீரையைத் தவிர்க்கச் சொல்வதே அப்போதைய வழக்கம். அளவாக உண்ணச் சொல்வதில்லை. "மூணு மாசம் பாக்கலாம். வாரா வாரம் ரத்தம் குடுக்கணும்," என்றார் கடைசியில். இரண்டை ஒன்றே முக்காலாகவும், பிறகு ஒன்றரையாகவும் படிப்படியாக இறக்கினார். முழு மாத்திரையைச் சவர அலகால் நான்காக அறுக்க நானே கற்றுக்கொண்டேன்.

அளவுக் கரண்டியை விட, அதை உண்ணும் நேரமே பெரும் போராட்டமாயிற்று. பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போனால் கீரை நண்பகலுக்குள் புளித்துவிடும். ஆகவே காலை எட்டு மணிக்கே கீரையை ஆக்கி, சுடுசோற்றில் முதற்கரண்டியை நான் இட்டுக்கொண்டு உண்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் முன்னால்.

"ஆம்பளைங்க இன்னும் பல்லு கூடத் தேய்க்கல, வூட்டு மருமவ கைய நனைக்கறா," என்று மாமியார் கொல்லைக் கதவிடம் சொன்னார். இளைய கொழுந்தனார், "அண்ணி, எங்களுக்கும் ரெண்டு கரண்டி மிச்சம் வெய்யுங்க," என்றார். அதிலும் ஒரு நகைச்சுவை இருந்தது என்று பின்னர் உணர்ந்தேன். அப்போது தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. கணவர் முதல் வாரம் முழுவதும் அந்த நேரத்தில் வாசலுக்குப் போய் நின்றார். நான் தயங்கவும் இல்லை, விரையவும் இல்லை. ஒரு கரண்டி. உண்டேன். எழுந்தேன். சட்டி யாரிடம் போனது என்று நான் கேட்கவில்லை.

முதல் மாதம் முப்பது. இரண்டாம் மாதம் இருபத்தைந்து. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு, நான் பத்து நாள் வீட்டில் இருந்து திரும்பிய பின், அதே இருபத்தைந்து. மூன்றாண்டுகளில் விடுமுறை கண்டு இறங்காத முதல் எண் அது.

மருத்துவர் முகம் மலர்ந்து, மேசைக்கு அப்பாலிருந்து கையை நீட்டினார். என் கணவரை நோக்கி.

"குட். நல்லா பாத்துக்கறீங்க சார்."

என் கணவர் கையைப் பற்றிக் குலுக்கினார். "நம்ம கடமைங்க டாக்டர்," என்றார்.

சீட்டு அவர் கைக்குப் போகுமுன் நான் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும், "அடுத்த மாசம் நான் தனியாப் போயிட்டு வரேன்," என்றேன்.

"தனியாவா? பஸ்ல அவ்ளோ கூட்டத்துல? ஏதாவது ஆச்சுன்னா?"

"கூட வந்தப்பதானே எல்லாம் ஆச்சு."

அடுத்த மாதம் தனியே போனேன். கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டுதான். என் முறை வந்து உள்ளே போனதும், மருத்துவர் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?"

"வரலீங்க."

"அப்ப நான் யார்கிட்ட சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, இந்த மாசம் என்ன சாப்பிட்டேன்னு எங்கிட்ட கேளுங்க."

கதவு திறக்கும் என்று இன்னும் கொஞ்ச நேரம் எதிர்பார்த்திருந்தார். திறக்கவில்லை. எழுதுகோலின் மூடியைக் கழற்றினார். நான் சென்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கினேன்.